மருமகள் கழுத்தைப் பற்றி நான் சொன்ன பொய்

1

என் மருமகள் கலையைப் பற்றி ஒரு வருஷமாக ஊரில் உள்ள உங்களிடம் நான் சொல்லி வந்தது பொய். போனில் கேட்டவர்களுக்கும் பொய், வாட்ஸப்பில் கேட்டவர்களுக்கும் பொய். தீபாவளிக்கு வீடியோவில் கேட்டவர்களுக்கு, அவளை வாசல் பக்கம் வெளிச்சத்தில் நிறுத்திச் சிரிக்கச் சொல்லிக் காட்டினேனே, அது எல்லாவற்றிலும் பெரிய பொய். "கலைக்கு இன்னா, குத்துக்கல்லாட்டம் கீறா" என்று சொன்னது நான்தான். அதை முதலில் எழுதிவிட்டால் மீதியை நிதானமாக எழுதலாம்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் ஆரணி பச்சையம்மாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. அதற்குப் பிறகு என் படிப்பெல்லாம் விரல் நுனியில்தான். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு முடிகிற இடத்தில், புதுப் பாவின் பட்டு இழையை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய இழையோடு சேர்த்து, சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். நாற்பது வருஷம் அதுதான் என் வேலை. வீட்டுக்காரர் போன பிறகு, ஆறு வருஷத்துக்கு முன்னால், மகன் பிரபு என்னை ஆஸ்திரேலியாவுக்கு, இந்த மெல்போர்னுக்கு அழைத்து வந்துவிட்டான். இங்கே பிணைக்க ஒன்றும் இல்லை. பேத்தி தியாவுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தேன். எட்டு வயசானதும் அதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இதில் எழுத்துப் பிழை இருந்தால் பிரபு திருத்தியிருப்பான். பொய் இருந்தால் கலை திருத்தியிருப்பாள். இரண்டு பேரும் படித்த பிறகுதான் நம் ஊர் வாட்ஸப் குழுவுக்கு அனுப்புகிறேன்.

2

போன வருஷம் ஆடி மாதம், மூன்றாவது வெள்ளிக்கிழமை. ஊரில் அன்றைக்கு நீங்கள் வேர்த்து விறுவிறுத்துக் கூழ் ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். இங்கே ஆடி என்றால் நடுக்குளிர்காலம். அம்மனுக்கே ஸ்வெட்டர் போட வேண்டும் போலிருக்கும். நம் பக்கத்துக் குடும்பங்கள் எட்டு சேர்ந்து ஒரு வீட்டில் கூழ் ஊற்றுவோம். காய்ச்சுவது என் பொறுப்பு.

கலை வண்டி ஓட்டினாள். பக்கத்து சீட்டில் நான், என் மடியில் கூழ் குண்டான். எனக்கும் குண்டானுக்கும் சேர்த்து ஒரே பெல்ட். பின்னால் தியா. ஒரு சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. தியா தண்ணீர் கேட்டாள். கலை உடம்பைத் திருப்பி, கழுத்தை முழுக்க முறுக்கி, பாட்டிலைப் பின்னால் நீட்டினாள். சரியாக அந்த நேரத்தில் பின்னால் வந்த வேன் எங்கள் வண்டியை இடித்தது.

பெரிய இடி என்று சொல்ல முடியாது. கண்ணாடி உடையவில்லை, பின்பக்கம் லேசாக ஒடுங்கியது, அவ்வளவுதான். ஆனால் குண்டான் கூழும் என் மடியில். நான் கட்டியிருந்தது அரக்கு நிறப் பட்டு, மாம்பழ நிறக் கரை, நானே இழை பிணைத்த பாவில் நெய்தது. நான் போட்ட கூச்சலில் வேன் ஓட்டிய பெரிய மனிதர் இறங்கி ஓடி வந்து, என் மடியைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். எனக்கு என்னென்னவோ வெளியே வந்துவிட்டது என்று நினைத்தார் பாவம். பிறகு எல்லோரும் என்னைத் துடைத்தார்கள். கலையும் துடைத்தாள்.

துடைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை இடது கையால் பிடரியைப் பிடித்தாள்.

"இன்னாம்மா?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல அத்தை. சுளுக்கு மாதிரி."

நான் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

3

மறுநாள் காலை அவளால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஒரு வாரத்தில் பின்மண்டை வலி வந்தது. அடுத்த வாரம் வலி தோளில் இறங்கி, வலது கை முழுக்க ஓடி, கட்டை விரலிலும் ஆட்காட்டி விரலிலும் போய் உட்கார்ந்துகொண்டது. கரண்ட் அடிக்கிற மாதிரி என்பாள். கொஞ்ச நேரம் கழித்து எரிகிறது என்பாள். இன்னும் கொஞ்சம் கழித்து மரத்துப்போச்சு என்பாள்.

கலைக்கு வேலை ஒரு பரிசோதனைக் கூடத்தில், ரத்தம் எடுப்பது. செய்யாறு பெண். அவள் அப்பா தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வந்து அவளைப் படிக்க வைத்தவர். ரத்தக்குழாய் தட்டுப்படாத கிழவிகளுக்கும், கையை இழுத்துக்கொள்ளும் குழந்தைகளுக்கும், அங்கே கலையைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கண்ணால் தேட மாட்டாள். ஆட்காட்டி விரலை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்து, ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். இவளும் விரலால் பிழைக்கிறவள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. வெளியே சொன்னதில்லை. மருமகளை எதிரில் வைத்துப் புகழ்ந்தால் மாமியார் வேலை போய்விடும்.

எக்ஸ்ரே எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், அதுவும் சுத்தம். மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். மூன்று மாதம் வந்தது, போனது. வலி போகவில்லை.

இங்கேதான் என் கோணல் புத்தியைச் சொல்ல வேண்டும். அதே வண்டி, அதே இடி. எனக்கு அறுபத்தேழு வயசு. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, இவளுக்கு மட்டும் எப்படி? ஸ்கேனிலும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் கழுத்துக்கு ஒரு வளைந்த தலையணை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவாள். "மகாராணி வந்தாச்சு, வெளக்கு புடிங்க" என்பேன். கலை சிரிப்பாள். பிரபு சிரிப்பான். தியா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

தியாவுக்குத் தமிழ் புரியும், வாயில் வராது. ஆறு வருஷமாக ஒவ்வொரு சொல்லாக ஊட்டிப் பார்த்தேன். ஒரு நாள் காலை, மேல் தட்டில் இருந்த டப்பாவை எடுத்துத் தரும்படி கலை அவளிடம் கேட்டாள். தியா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, என் குரலில், என் இழுப்போடு சொன்னாள்: "மகாராணி, நீயே எடு!"

முழுசாக ஒரு தமிழ் வாக்கியம். கலை அதற்கும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பாத்ரூமுக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

4

பிறகு, வேலைக்குப் போக முடியாமல் இருந்த கலைக்குப் பணம் தந்துகொண்டிருந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்து கிரெய்க் என்று ஒருவர் வந்தார். வீட்டில் கலை என்ன வேலை செய்கிறாள், எதைச் செய்ய முடியவில்லை என்று பார்த்து எழுதுவதற்கு. கலையிடம் எல்லாம் கேட்டு முடித்தார். அவள் தியாவை அழைத்து வரப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியதும், வீட்டில் உள்ள இன்னொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும் என்று சைகை காட்டி, போனை மேஜையில் வைத்தார். போனுக்குள் மொழிபெயர்க்கும் அம்மா. யாழ்ப்பாணத்துத் தமிழ்.

நான் முதலில் முறுக்குத் தட்டை வைத்தேன். வீட்டுக்கு வந்தவரிடம் வெறும் வாயோடு பேச முடியுமா?

"உங்கட மருமகளுக்கு வீட்டு வேலை செய்யேக்க கஷ்டம் இருக்கோ எண்டு கேக்கிறார் அம்மா."

அந்தக் கேள்வி என் காதில் விழுந்தபோது நான் மெல்போர்னில் இல்லை. ஆரணியில், எங்கள் தெருவில், பெண் வீட்டைப் பற்றி விசாரிக்க வந்த யாரோ ஒருத்தர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மருமகளுக்கு உடம்பு முடியவில்லை என்று வெளியாளிடம் நாம் சொல்வோமா? சொன்னால் நாளைக்கே நாலு பேர் கூடி, சீக்குப் பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அவள் பிறந்த வீட்டை இழுப்பார்கள். நாக்கு தானாகவே புரண்டது.

"என் மருமகளுக்கா? அவளுக்கு இன்னா கொறை? குத்துக்கல்லாட்டம் கீறா. சமையல், துணி, பெருக்கறது எல்லாம் அவதான். நான் உக்காந்துகினு சாப்படறேன்."

அந்த அம்மா கொஞ்சம் தயங்கி, "உக்காந்து… என்ன சொல்லுறியள் அம்மா?" என்றார்.

"உக்காந்து சாப்படறேம்மா! மகாராணி மாதிரி!"

கிரெய்க் எழுதிக்கொண்டார். நான்கு முறுக்கு சாப்பிட்டார். கும்பிட்டுவிட்டுப் போனார். வீட்டு மானத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில், சிங்க்கில் குவிந்து கிடந்த பாத்திரங்களை நான் தேய்க்கப் போனேன். விபத்து நடந்த மறுவாரத்தில் இருந்து தேய்ப்பது நான்தான். துணியும் நான்தான். பெருக்குவதும் நான்தான்.

5

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பிரபு சமையலறையில் நின்றபடி படித்தான். பாதியில் நிறுத்தினான்.

"யம்மா, அந்த ஆள்கிட்ட இன்னா சொன்ன நீ?"

"இன்னா சொன்னேன்? நல்லதுதான் சொன்னேன்."

"வூட்டு வேலை எல்லாம் கலை தானே செய்றான்னு மாமியார் உறுதியா சொன்னாங்கன்னு எழுதிகீறாங்க. ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல, வூட்லயும் எல்லா வேலையும் செய்றாங்க, அதனால பழைய வேலைக்கே திரும்பலாமாம். அடுத்த மாசம் ஒண்ணாந்தேதிக்குள்ள போகணும். இல்லன்னா அந்த எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

கலை மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு. அவள் கத்தவில்லை. தன் வலது கையை யாருடையதோ மாதிரி பார்த்தாள்.

"தொட்டா தெரியாத வெரலால நான் எப்படிங்க கொழந்தைங்களுக்கு ஊசி குத்துவேன்?" என்று பிரபுவிடம் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கழுத்து திரும்பாது, அதனால் முழு உடம்போடு திரும்பினாள்.

"நீங்களும் நம்பலையா அத்தை?"

நான் சிங்க் பக்கம் திரும்பி, தேய்த்து வைத்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

6

இரண்டு நாள் போனது. தியாகூட அடக்கமாக இருந்தாள். மூன்றாம் நாள் காலை கலைக்கு டீ போட்டேன். கொதிக்கக் கொதிக்க எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி நீட்டினேன். என் விரலே சுட்டுப்போய் முந்தானையைச் சுற்றித்தான் பிடித்திருந்தேன். கலை ஏதோ நினைப்பில் வெறும் கையால், வலது கையால், வாங்கினாள். வாங்கிக்கொண்டு நின்றாள். விரல் நுனி சிவந்துகொண்டு வருவது எனக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை.

"கீழ வைம்மா!" என்று டம்ளரைப் பிடுங்கி, அவள் கையைக் குழாய்த் தண்ணீரில் காட்டினேன். குளிர்காலத் தண்ணீர். பட்டதும் அலறிவிட்டாள். "வேணாம் அத்தை, எரியுது, எரியுது!"

சூடு தெரியவில்லை. குளிர் எரிகிறது. இப்படி ஒரு வேஷத்தை யாராலும் போட முடியாது. வேஷம் போடுகிறவள் சூட்டுக்குத்தான் கத்துவாள்.

என் டிரங்குப் பெட்டியில், தறியில் மிஞ்சிய பட்டு நூல் ஒரு சின்னக் கட்டு உண்டு. ஊறுகாய் பாட்டிலுக்கு மேலே துணி கட்ட வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு, கலையைப் பின்வாசல் படியில் வெயில் பக்கம் உட்கார வைத்தேன்.

"கண்ண மூடு."

"எதுக்கு அத்தை?"

"மூடுன்னா மூடேன். நெல்லிக்கா ஒண்ணும் வாயில போட்ற மாட்டேன்."

மூடினாள். முதலில் இடது ஆட்காட்டி விரல் நுனியில் ஒற்றை இழையை வைத்து லேசாக இழுத்தேன். "ஏதோ ஊருது" என்றாள் உடனே. பிறகு வலது விரலில் ஒற்றை இழை வைத்தேன். பேசாமல் இருந்தாள். இரண்டு இழை. பேசவில்லை. மூன்று. நான்கு இழையைச் சேர்த்து வைத்து, முன்னும் பின்னும் இழுத்தேன்.

கலை கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "இன்னும் வெக்கலையா அத்தை?"

நாற்பது வருஷம் பட்டு நூலைத் தொட்ட கை எனக்கு. அந்த நான்கு இழையையும் அவள் விரலில் இருந்து எடுத்து என் விரலில் சுற்றிக்கொண்டேன்.

"இதோ வெக்கிறேம்மா" என்றேன்.

7

கலைக்குக் கழுத்துப் பயிற்சி சொல்லித்தரும் டெபி என்ற பெண்ணிடம் நானும் போனேன். நூல் கட்டும் என்னோடு வந்தது. நான் செய்ததைக் கலை சொன்னதும், டெபி எழுந்து போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். அதில் தடிமன் வாரியாக அடுக்கிய நைலான் முடிகள். அதே கண்ணை மூடும் சோதனைதான், ஆனால் கணக்காக. என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். எனக்கும் அவளுக்கும் பாஷை தேவைப்படவில்லை.

பிறகு தட்டினால் அதிரும் கவட்டை போன்ற இரும்பு ஒன்றை விரல் எலும்பில் வைத்தாள். சில்லென்ற எஃகை வைத்தாள். கலையைப் படுக்க வைத்து, வலது கையைப் பக்கவாட்டில் விரித்து, மணிக்கட்டைப் பின்னால் மடக்கி, தலையை எதிர்ப்பக்கம் சாய்க்கச் சொன்னாள். கலையின் முகம் சுருங்கியது. கட்டை விரல் வரைக்கும் பாய்கிறது என்றாள். தலையை இந்தப் பக்கம் சாய்த்ததும் குறைந்தது. கை அசையவே இல்லை. தலையைச் சாய்த்தால் விரலில் வலி ஏறுகிறது, இறங்குகிறது.

டெபி சொன்னதைக் கலை எனக்குத் தமிழில் சொன்னாள். தன் உடம்பைப் பற்றி என்னிடம் சொல்லவே அவளுக்குக் கூச்சம். எனக்குப் புரிந்தது இவ்வளவு. கழுத்தெலும்புகளின் இடுக்கில் இருந்து நரம்புகள் கிளம்பி, தோள் வழியாக விரல் நுனி வரை ஓடுகின்றன. அந்த உதறலில் கலையின் நரம்பு அறுந்துபோகவில்லை, நசுங்கவும் இல்லை. அப்படி ஆகியிருந்தால்தான் வழக்கமான ஸ்கேனில் தெரியும். இது எரிச்சல் பட்டு, லேசாக வீங்கி, கோபித்துக்கொண்டு கிடக்கிற நரம்பு. ஸ்கேன் எலும்பைப் பார்க்கும், எலும்புக்கு நடுவில் இருக்கிற தட்டைப் பார்க்கும், கோபத்தைப் பார்க்காது. ஒரு நரம்புக்குள் ரொம்ப மெல்லிய இழைகள் ஆயிரம் இருக்குமாம். அதில் சிலது மங்கிப்போயிருக்கிறது, அதனால் தொடுவதும் சூடும் சரியாகத் தெரியவில்லை. மற்ற சிலது தொட்டதற்கெல்லாம் கத்துகிறது, அதனால் நீட்டினால் வலி, அழுத்தினால் வலி, குளிர் பட்டால் எரிச்சல். நாள்பட வலித்தால் மூளையும் சேர்ந்து சத்தத்தைக் கூட்டி வைத்துவிடுமாம். அடிபட்ட எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, சிலருக்கு ஆகிறது. ஆராய்ச்சி செய்கிறவர்களே இதைச் சமீபமாகத்தான் சரியாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்களாம்.

"அப்ப எனக்கு ஏன் ஒண்ணியும் ஆவல? கேளு."

டெபி யோசித்துவிட்டு, உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். நான் நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தேன், என் தலை சீட்டில் சாய்ந்திருந்தது. கலையின் கழுத்து அந்த நேரம் முழுசாக முறுக்கியிருந்தது. பாட்டில் கொடுக்கத் திரும்பியிருந்தாளே, அது ஒரு காரணமாக இருக்கலாம் என்றாள்.

ஆக, ஒரு வருஷம் நான் மகாராணி என்று கேலி செய்தது, பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கத் திரும்பியவளை.

டெபி தான் பார்த்ததை எல்லாம் கம்பெனிக்கு எழுதித் தருவதாகச் சொன்னாள். ஆனால் மாமியார் சொன்னது என்று ஒரு வரி அங்கே இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது என்று கேட்டாள்.

"நான் வரேன்னு சொல்லு" என்றேன்.

8

இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போனோம். ஆபீஸ் என்றால் எனக்குச் சின்ன வயசில் இருந்தே ஆகாது. ஆரணியில் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க நான் நடந்த நடையில் ஒரு ஜோடி செருப்பு போனது. இங்கே செருப்பு தேயாது, காரில் போகலாம், வாசலில் தண்ணீர் பாட்டில்கூடத் தருவார்கள். கூழ் கொட்டிய அதே பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். மூன்று தடவை துவைத்தும் கறை போகவில்லை.

கண்ணாடி போட்ட ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மேஜையில் போன். போனில், நம்புவீர்களோ மாட்டீர்களோ, அதே யாழ்ப்பாணத்து அம்மா. குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன்.

"போன தடவ வந்தவருகிட்ட நான் சொன்னது பொய்யின்னு சொல்லுங்கம்மா" என்றேன்.

பொய்யோ அம்மா என்று போனில் ஒரு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். கண்ணாடி அம்மா நிமிர்ந்து பார்த்தார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"எங்க ஊர்ல மருமகளுக்கு ஒடம்பு சரியில்லன்னு வெளியாள்கிட்ட சொல்ல மாட்டோம். சொன்னா அவ பொறந்த வூட்டப் பேசுவாங்க. அவள காப்பாத்தறதுக்குன்னு நெனச்சிதான் சொன்னேன். அதுவே அவ கழுத்துல வுழுந்துடுச்சி. சமைக்கறது, தொவைக்கறது, பெருக்கறது எல்லாம் நான்தான் செய்றேன். அவ வலது கையால ஒரு குடம் தூக்கி ஒரு வருஷம் ஆவப்போவுது."

இப்போது சொல்வதுதான் உண்மை என்று எப்படி நம்புவது என்று அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான், நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். இரண்டு கையையும் மேஜை மேல் விரித்து வைத்தேன். பாத்திரச் சோப்பில் வெடித்துப்போயிருந்த கை.

"உக்காந்துகினு சாப்படறவ கையி இப்படி இருக்காதுன்னு சொல்லுங்க."

போனில் இருந்த அம்மாவுக்கு என் கை தெரியாது. ஆனாலும் அவர் குரல் இறங்கிவிட்டது. "சொல்லுறன் அம்மா" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்து நாற்காலியில் கலை இருந்தாள். அவள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வீட்டில் சொல்ல எனக்கு வாய் வராது, எனக்குத் தெரியும்.

"இன்னொண்ணும் எழுதிக்கச் சொல்லுங்க. பாதி நானும் நம்பல. அதே வண்டியில எனக்கு ஒண்ணும் ஆவலையே, ஸ்கேன்லயும் இல்லையேன்னு, வேஷம் போடறாளோன்னு நெனச்சேன். அவ எதிர்லயே கேலி பண்ணேன். சின்னக் கொழந்தைக்கும் சொல்லிக் குடுத்தேன். இப்ப நம்பறேன். நாலு இழை வெச்சும் அவளுக்குத் தெரியல. நான் பாத்தேன்."

நான் கலையைப் பார்க்கவில்லை. புடவையில் இருந்த கூழ்க் கறையைப் பார்த்தேன். அந்தக் கறை மேல் இருந்த என் கையை ஒரு கை வந்து பிடித்தது. வலது கை. பிடிப்பதற்கே அவளுக்கு வலித்திருக்கும்.

9

ஜெயித்துவிட்டோம் என்று எழுத ஆசைதான், ஆனால் கலை திருத்திவிடுவாள். நான் முன்னால் சொன்னதை நீக்கிவிட்டு, டெபியின் கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கவில்லை. ஆனால் கலை இப்போது ரத்தம் எடுப்பதில்லை. ரத்தக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டும் வேலை, பாதி நாள். பயிற்சி நடக்கிறது. நரம்பை இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஓடவிடுகிற பயிற்சியாம். சில நாள் வலி குறைகிறது, சில நாள் காரணமே இல்லாமல் ஏறுகிறது. ஏறுகிற நாளில் அவள் சொல்லிவிடுகிறாள். முன்பெல்லாம் சொல்ல மாட்டாள். வாரத்துக்கு ஒரு நாள் பின்வாசல் படியில் உட்கார்ந்து நூல் வைத்துப் பார்க்கிறோம். அன்றைக்கு நான்கு இழையே தெரியாதவளுக்கு இப்போது மூன்று வைத்தால் தெரிகிறது. ஒற்றை இழை வரைக்கும் வருமா என்று யாருக்கும் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை மறுபடியும் மூன்றாவது ஆடி வெள்ளி. கூழைக் குண்டானில் கொண்டுபோகப் பிரபு சம்மதிக்கவில்லை. மூடி போட்ட டப்பாவில், வண்டியின் டிக்கியில் போனது. திரும்பி வந்ததும் ஆரணியில் இருந்து கன்னியம்மா வீடியோவில் வந்தாள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, என்னோடு சேர்ந்து இழை பிணைத்தவள், உங்களுக்கெல்லாம் தெரியும். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

"இன்னாக்கா, கூழ் ஊத்தினியா? கலை எப்படி கீறா?"

"கலைக்கு இன்னா, குத்து…" என்று நாக்கு கிளம்பிவிட்டது. பாதியில் பிடித்தேன்.

"வலி கீது கன்னி. கழுத்துலருந்து வெரல் வரைக்கும். ஒரு வருஷமா. உன்கிட்ட நான் சொன்னதெல்லாம் பொய்யி."

கன்னியம்மா போனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கூரை தெரிந்தது, விசிறி தெரிந்தது, கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"யக்கா, என் மருமக கூட அப்படித்தான் சொல்லிகினு கீறா. ஷேர் ஆட்டோல வரும்போது பின்னால லாரிக்காரன் இடிச்சான் இல்ல, அதுலருந்து. கழுத்து வலின்றா, கை மரமரன்னு கீதுன்றா. படத்துல ஒண்ணியும் இல்லன்னுட்டாங்க. வேலை செய்ய வணங்காம பேஜார் பண்றாளோன்னு நான் நெனச்சிகினு கீறேன்."

"வூட்ல நூல் கீது இல்ல? கண்ண மூடச் சொல்லிட்டு வெரல்ல வெச்சிப் பாரு. ரெண்டு கையிலயும் பாரு. பாத்துட்டு ஜல்தியா டாக்டர்கிட்ட இட்டுகினு போ."

மறுநாள் காலை அவளிடம் இருந்து குரல் செய்தி வந்திருந்தது. தெருவே அவள் குரலுக்கு அதிரும். இதில் காது வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. "யக்கா… அஞ்சி இழை வெச்சேன். வெச்சிட்டீங்களா அத்தைன்னு கேக்கறாக்கா."

நான் அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். சாப்பாட்டு மேஜையில் கழுத்துத் தலையணையோடு உட்கார்ந்திருந்த கலைக்கும் அது கேட்டுவிட்டது.

"அத்தை, போன் போடுங்க. அவங்க மருமககிட்ட குடுக்கச் சொல்லுங்க. நான் பேசறேன்."

"இப்படியேவா? தலகாணிய கழட்டிட்டு வாசல் பக்கம் வந்து நில்லேன், வெளிச்சமா…"

"இப்படியேதான் அத்தை."

போட்டுக் கொடுத்தேன். ஆரணியில் அந்தப் பெண் முகம் வந்தது. இரண்டு பேரும் ஒருத்தி கழுத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் பேசியதும், போனைப் பிடித்திருந்த கலையின் கை மெல்ல இறங்கியது. சோபாவில் இருந்த தியா எழுந்து வந்து, அம்மா கையில் இருந்து போனை வாங்கி, அவள் முகத்துக்கு நேராகத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச்சு முடிய முக்கால் மணி நேரம் ஆனது.